யாருடைய கார் ஓடுகிறது?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

ரேக்ளாப் பந்தயம் நடக்கும் சாலையோரத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். புழுதியைக் கிளப்பிக்கொண்டு வண்டிகள் வரும்போது கூட்டம் கேட்கும் முதற் கேள்வி, “எவ்வளவு வேகம்?” என்பதன்று, “யாரு வண்டி முன்னால வருது?” என்பதுதான். காளை எந்த ஊர்க் காளை, ஓட்டுகிறவன் யார் மகன் என்று தெரிந்த பிறகே கைதட்ட மனம் வருகிறது. வேகம் கண்ணுக்கு விருந்து; ‘நம்முடையது’ என்ற உரிமையோ நெஞ்சுக்கு விருந்து.

இந்த உண்மை கடல் கடந்த அமெரிக்காவிலும் செல்லுபடியாகும் என்பதை, அந்நாட்டு ‘ஸ்டாக் கார்’ பந்தயத்தைப் பற்றி மூன்றாண்டுகளாகப் படித்தும் பார்த்தும் வருகிற நான் அறிந்துகொண்டேன். அப்பந்தயத்தின் இரசிகர்கள் பெருங்கவலையில் இருக்கிறார்கள். “தரம் குறைந்துவிட்டது, கூட்டம் குறைந்துவிட்டது, இது இப்போது எங்கள் பந்தயமாக இல்லை” என்கிறார்கள். அவர்களுடைய கவலை நியாயமானதுதானா? இதுவே என் கட்டுரையின் பொருள்.

‘ஸ்டாக் கார்’ என்றால் விற்பனைக்காகக் கடையில் இருப்பில் உள்ள கார் என்று பொருள். பந்தயத்துக்கென்றே தனியாகச் செய்த வண்டியன்று. பக்கத்து வீட்டுக்காரர் சந்தைக்கு ஓட்டிச் செல்லும் அதே கார். அமெரிக்காவின் தென் மாநில மலைப் பகுதிகளில் கள்ளச் சாராயம் காய்ச்சி, இரவோடிரவாக நகரங்களுக்குக் கடத்தியவர்கள், காவலர் வண்டியிடமிருந்து தப்புவதற்காகத் தங்கள் கார்களுக்கு வேகம் கூட்டினார்கள். அவர்களுள் பலர் பந்தயக் களத்துக்கும் வந்தார்கள். 50 பந்தயங்களை வென்ற ஜூனியர் ஜான்சன், சாராயக் குற்றத்துக்காக 1950களில் சிறை சென்றவர். 1986இல் அன்றைய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரீகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

சிதறிக் கிடந்த இப்பந்தயங்களை ஒழுங்குபடுத்த வேண்டி, 1947 டிசம்பரில் புளோரிடா மாநிலத்து டேட்டோனா பீச்சில் உள்ள ஒரு விடுதியில் பில் பிரான்ஸ் என்பவர் ஒரு கூட்டம் கூட்டினார். அதன் பயனாக 1948 பிப்ரவரியில் ‘நாஸ்கார்’ என்னும் அமைப்பு பிறந்தது. 1949 ஜூன் 19 அன்று சார்லட் நகரில், கடையில் வாங்கிய கார்களை அப்படியே ஓட்ட வேண்டும் என்ற விதியோடு முதற் பந்தயம் நடந்தது. முதலாவதாக வந்த க்ளென் டன்னவேயின் காரைச் சோதித்தபோது, பின்பக்க ஸ்பிரிங்குகள் விதிக்கு மாறாக மாற்றப்பட்டிருந்தது தெரிந்தது. வெற்றி அவரிடமிருந்து பறிக்கப்பட்டு ஜிம் ரோப்பர் என்பவருக்கு அளிக்கப்பட்டது. ஆக, தன் வண்டியைத் தானே தட்டிக்கொட்டி மாற்றத் துடிக்கும் கையும், அதைத் தடுக்கும் விதிப் புத்தகமும் முதல் நாளன்றே மோதிக்கொண்டன!

இப்பந்தயம் எனக்கு அறிமுகமானது 2022ஆம் ஆண்டின் இறுதியில். அப்போது நான் மேல்நிலை முதலாம் ஆண்டு மாணவன். நண்பனொருவன் கைப்பேசியில் ஒரு காட்சியைக் காட்டினான். 2022 அக்டோபர் 30, மார்ட்டின்ஸ்வில் ஓடுதளம், கடைசிச் சுற்று. ராஸ் சாஸ்டெயின் என்ற ஓட்டுநர் பத்தாவது இடத்தில் வருகிறார். கோப்பைக்கான இறுதிப் பந்தயத்துக்குத் தகுதி பெற அவர் இன்னும் இரண்டு இடங்கள் முன்னேற வேண்டும். திருப்பத்தில் எல்லோரும் வேகத்தைக் குறைக்க, அவர் மட்டும் முழு வேகத்தில் காரை வெளிச்சுவரில் சாய்த்து, சுவரோடு உரசியபடியே பறந்து ஐந்து கார்களைத் தாண்டிவிட்டார். சிறு வயதில் விளையாடிய வீடியோ விளையாட்டிலிருந்து கற்ற வித்தை அது என்று பின்னர் அவரே கூறினார்.

எங்கள் வகுப்பில் வட்ட இயக்கம் பாடம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. வளைவில் திரும்பும் காருக்கு மையநோக்கு விசை வேண்டும். அதை டயருக்கும் தரைக்கும் இடையிலுள்ள உராய்வு தருகிறது. வேகம் மிகுந்தால் உராய்வு போதாது. இதுதான் பாடம். உராய்வால் தர முடியாத விசையைச் சாஸ்டெயினுக்குச் சுவர் தந்தது! தேர்வுக்காகப் படித்த சூத்திரம் ஒன்று உயிர்பெற்று ஓடியதை அன்றுதான் கண்டேன்.

அக்காட்சியை அப்பாவிடமும் காட்டினேன். அப்பா ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். முப்பது ஆண்டுகளாக லாரிப் பட்டறையில் மெக்கானிக். என்ஜின் ஓடும் சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லக்கூடியவர். இருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, வியப்பெதுவும் காட்டாமல் ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

“ஏஞ்சாமி, செவுத்துல ஒரசுன வண்டிய அப்பறம் யாரு பிரிச்சு வேலை பாப்பாங்க? ஓட்டுறவனேவா, இல்ல கம்பெனிக்காரனா?”

அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் இப்பந்தயத்தின் வரலாற்றுக்குள் நுழைந்தேன்.

ஒரு காலத்தில் ஓட்டுகிறவரே வேலையும் பார்த்தார். வெர்ஜீனியா மாநிலத்து டேன்வில் ஊரைச் சேர்ந்த வெண்டல் ஸ்காட் கறுப்பினத்தவர், தொழிலால் மெக்கானிக். பெரிய நிறுவனங்களின் ஆதரவின்றி, தம் பிள்ளைகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு, தம் காரைத் தாமே பழுதுபார்த்து ஓட்டினார். வட கரோலினாவின் லெவல் கிராஸ் என்ற சிற்றூரில் பெட்டி குடும்பத்தின் பட்டறை இருந்தது. தந்தை லீ பெட்டி ஓட்டினார். பின்னர் மகன் ரிச்சர்டு ஓட்டினார். இன்னொரு மகன் மாரிஸ் என்ஜின் கட்டினார். அந்த ரிச்சர்டு பெட்டிதான் 200 பந்தயங்களையும் ஏழு கோப்பைகளையும் வென்றவர். பார்த்தவர்களுக்கு அவர்கள் வேற்றுலகத்தவராகத் தோன்றவில்லை. தம்மைப் போலவே கையில் கிரீஸ் படிந்த மனிதர்களாகத் தோன்றினார்கள். ஃபோர்டு வைத்திருந்தவர் ஃபோர்டுக்காகக் கத்தினார். செவர்லே வைத்திருந்தவர் செவர்லேக்காகக் கத்தினார். ஞாயிற்றுக்கிழமை வென்ற கார் திங்கட்கிழமை விற்கும் என்பது அங்கே வணிகர் வழக்கு.

1979 பிப்ரவரியில் டேட்டோனா 500 பந்தயம் தொடக்கம் முதல் இறுதிவரை முதன்முறையாக நாடு முழுவதும் நேரடியாக ஒளிபரப்பாயிற்று. கிழக்குப் பகுதிகளில் கடும் பனிப்பொழிவு. மக்கள் வீட்டுக்குள்ளேயே முடங்கியிருந்தனர். கடைசிச் சுற்றில் முன்னால் சென்ற இருவர் மோதிக்கொண்டு நிற்க, பின்னால் வந்த பெட்டி வென்றார். மோதியவர்களோ காரைவிட்டு இறங்கிக் கைகலப்பில் இறங்கிவிட்டார்கள்! தெற்கத்தியர் விளையாட்டு அன்று நாட்டு விளையாட்டாயிற்று. டென்னசி மாநிலத்துப் பிரிஸ்டல் ஓடுதளத்தில் 1982 முதல் 2009 வரை தொடர்ந்து 55 பந்தயங்களுக்கு அத்தனை இருக்கைகளும் விற்றுத் தீர்ந்தன. 2006இல் டேட்டோனா 500 பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் சுமார் 1 கோடியே 90 லட்சம் பேர்.

2023இல் அதே பந்தயத்தைப் பார்த்தவர்கள் 80 லட்சம் சொச்சம். 2016இல் முடிந்த புதுப்பிப்பின்போது டேட்டோனாவில் எதிர்ப்பக்கத்துப் பார்வையாளர் மேடைகள் அகற்றப்பட்டு, ஏறத்தாழ 1 லட்சம் இருக்கைகளே எஞ்சின. 2008இன் பொருளாதார வீழ்ச்சி ஒரு காரணம். குடும்பத்தோடு நெடுந்தூரம் வண்டியோட்டி வந்து, தங்கி, சீட்டு வாங்கிப் பார்க்கிற தொழிலாளிக்கு அந்த ஆண்டுகளில் வேலையே நிச்சயமில்லை. பொழுதுபோக்குகள் பெருகியது இன்னொரு காரணம். ஆனால் பொருளாதாரம் மீண்டபிறகும் பழைய கூட்டம் திரும்பவில்லையே, ஏன்? இரசிகர்களின் குறைகளைத் தொகுத்துப் பார்த்தால் மூன்று இழைகள் அறுபட்டது தெரிகிறது: காரோடு இருந்த இழை, ஊரோடு இருந்த இழை, உழைப்போடு இருந்த இழை.

முதலில் கார். 1987இல் டல்லடேகா ஓடுதளத்தில் பில் எலியட் மணிக்கு 212.809 மைல், அதாவது சுமார் 342 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சுற்றை முடித்தார். அதே வாரப் பந்தயத்தில் பாபி அலிசனின் கார் மேலெழும்பி, பார்வையாளர்களுக்கு முன்னிருந்த கம்பி வேலியைக் கிழித்தது. அவ்வேகம் இனி ஆகாதென்று, 1988 முதல் டேட்டோனாவிலும் டல்லடேகாவிலும் என்ஜினுக்குச் செல்லும் காற்றைக் குறைக்கத் துளையிட்ட தகடு பொருத்தினார்கள். 2007இல் எல்லா நிறுவனங்களுக்கும் ஏறக்குறைய ஒரே வடிவக் கார் வந்தது. 2022இல் வந்த புதிய காரிலோ பெரும்பாலான பாகங்களைக் குறிப்பிட்ட ஒரே வழங்குநரிடம்தான் வாங்க வேண்டும், வாங்கியதை மாற்றக்கூடாது. அதே 2022 ஜூலையில் போகோனோ பந்தயத்தில் முதலிரண்டு இடங்களைப் பிடித்த கார்கள், முன்பக்கத்தில் கூடுதலாக ஒட்டப்பட்டிருந்த பொருளுக்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டன. மூன்றாவதாக வந்தவர் வென்றவரானார்.

இங்கே சிறிது இயற்பியல் சொல்ல அனுமதியுங்கள். வேகமாகச் செல்லும் காரைத் தரையோடு அழுத்திப் பிடிப்பதில் காற்றுக்கும் பெரும்பங்கு உண்டு. முன்னே செல்லும் கார் அக்காற்றைக் கிழித்துக் கலக்கிவிடுகிறது. பின்னே வரும் காருக்குக் கலங்கிய காற்றே கிடைப்பதால், வளைவில் அதன் பிடிப்புக் குறைகிறது. எல்லாக் கார்களும் ஏறத்தாழ ஒரே வேகம் என்றால், கலங்கிய காற்றில் வருபவர் முந்துவது எப்படி? சிறிய ஓடுதளங்களில் பந்தயம் ஊர்வலமாகிவிட்டது என்று இரசிகர்கள் நொந்துகொள்வதற்குக் காரணம் இதுவே. சமமாக்கினால் போட்டி கடுமையாகும் என்றெண்ணினார்கள்; சமமானதாலேயே முந்துவது அரிதாயிற்று.

இரண்டாவது ஊர். நார்த் வில்க்ஸ்பரோ என்ற சிற்றூரின் ஓடுதளம் 1940களில் அமைந்தது. சாராயக் கடத்தலுக்குப் பேர்போன மலைநாட்டின் நடுவே இருந்தது. அதன் பங்குகளைப் பெருமுதலாளிகள் இருவர் வாங்கி, அதற்குரிய பந்தய நாட்களை டெக்சாசுக்கும் நியூ ஹாம்ப்ஷயருக்கும் கொண்டு சென்றனர். 1996 செப்டம்பரோடு அத்தளம் அடங்கிற்று. ராக்கிங்ஹாம் ஊர் தன் முதல்தரப் பந்தயத்தை 2004இல் இழந்தது. டார்லிங்டனில் தொழிலாளர் தின விடுமுறையையொட்டி நடந்துவந்த பழம்பெரும் பந்தயத்தின் நாள் வேறோர் ஊருக்குப் போயிற்று. பெரிய நகரம், பெரிய சந்தை என்பது கணக்கு. திருவிழாவைத் தேரோடு பெயர்த்து வேறூருக்குக் கொண்டுபோனால், பழைய ஊரார் பேருந்து பிடித்து அங்கே வருவார்களா?

மூன்றாவது உழைப்பு. முன்பெல்லாம் ஆண்டு முழுவதும் சேர்த்த புள்ளிகளே கோப்பையைத் தீர்மானித்தன. 2003இல் மேட் கென்செத் ஒரே ஒரு பந்தயத்தை வென்று கோப்பையைப் பெற்றார். எட்டு வென்ற ரயன் நியூமனுக்குக் கிடைக்கவில்லை. ‘இதில் பரபரப்பில்லை’ என்று 2004இல் கடைசிப் பத்துப் பந்தயங்களுக்குத் தனிக் கணக்கு வந்தது. 2014இல் அதுவும் மாறி, கடைசி ஒரு பந்தயத்தில் நால்வருள் முந்துபவருக்கே கோப்பை என்றாயிற்று. அதன் விளைவை 2025 நவம்பர் 2 அன்று பீனிக்ஸ் நகரில் உலகம் கண்டது. இருபதாண்டு காலம் ஓட்டி, 60 பந்தயங்களை வென்றும் கோப்பையைக் காணாத டென்னி ஹாம்லின், அன்று 200க்கும் மேற்பட்ட சுற்றுகளில் முன்னணியில் இருந்தார். முடிய மூன்று சுற்றுகளே இருக்கையில் வேறொருவரின் டயர் போய் மஞ்சள் கொடி விழுந்தது. அவ்விடைவேளையில் கணக்கு மாறி, ஒரு சுற்றுக்கூட முன்னிலை வகிக்காத கைல் லார்சன் கோப்பையைப் பெற்றார். லார்சன் திறமையில் குறைந்தவரல்லர், விதிப்படியே வென்றார். ஆயினும் ஆண்டெல்லாம் படித்தவனை ஒரு மணி நேரத் தேர்வு எடைபோடுவதைப் பார்த்த மாணவனுக்கு அந்த நெஞ்சுவலி புரியும்.

இவ்வளவு சொன்னதால், பழையதெல்லாம் பொற்காலம் என்று நான் வாதிடுவதாக எண்ணிவிட வேண்டாம். வெண்டல் ஸ்காட் 1963 டிசம்பர் 1 அன்று ஜாக்சன்வில்லில் வென்றபோது, வெற்றி வேறொருவருக்கு அறிவிக்கப்பட்டது. கூட்டம் கலைந்த பிறகே உண்மை ஒப்புக்கொள்ளப்பட்டது. அவர் 1990இல் மறைந்தார். கோப்பை அவர் குடும்பத்தாரின் கைக்கு வந்தது 2021இல்! அவருக்குப் பின் முதல்தரப் பந்தயமொன்றை வென்ற அடுத்த கறுப்பினத்தவர் பப்பா வாலஸ், அதுவும் 2021இல்தான். ‘நம்ம பந்தயம்’ என்று அன்று கத்தியவர்களின் ‘நம்ம’ என்ற சொல்லுக்குள் எல்லோரும் இருக்கவில்லை.

பாதுகாப்பையும் மறக்கலாகாது. ஏழு கோப்பைகள் வென்ற டேல் எர்ன்ஹார்ட் 2001 பிப்ரவரி 18 அன்று டேட்டோனாவின் கடைசிச் சுற்றில் சுவரில் மோதி உயிரிழந்தார். அதன்பின் கழுத்தைக் காக்கும் கருவி கட்டாயமாயிற்று. மோதலின் ஆற்றலை உள்வாங்கும் சுவர்கள் வந்தன. கார்களின் கட்டமைப்பு மாறிற்று. அதற்குப் பிறகு நாஸ்காரின் மூன்று தேசியத் தொடர்களில் எந்தப் பந்தயத்திலும் ஓட்டுநர் ஒருவரும் உயிரிழக்கவில்லை. இரசிகர்கள் வெறுத்த அந்த 2007ஆம் ஆண்டுக் காருக்கும் இதில் பங்குண்டு. ஓர் உயிரைக் காக்கும் கார் அழகாக இல்லையென்றால் என்ன? நூறு முறை ஓடட்டும்!

ஆகவே என் முடிவு இது: தரம் எல்லா வகையிலும் குறைந்துவிட்டதென்பது சரியன்று. காரின் காப்பு உயர்ந்திருக்கிறது, குறைந்தது நெருக்கம். அமைப்பாளர்களுக்கு இது தெரியாமலில்லை. டார்லிங்டனுக்கு அதன் தொழிலாளர் தின நாள் 2015இல் திரும்பக் கிடைத்தது. புல் முளைத்துக் கிடந்த நார்த் வில்க்ஸ்பரோவில் 2023 மே மாதம் மீண்டும் நட்சத்திரப் பந்தயம் ஓடிற்று. 2026 முதல், ஒரே நாளில் கோப்பையைத் தீர்மானிக்கும் முறை கைவிடப்பட்டுக் கடைசிப் பத்துப் பந்தயங்களின் புள்ளிகளைக் கூட்டும் முறை திரும்பியிருக்கிறது. குறை சொன்னவர்கள் பகைவர்களல்லர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பகைவன் குறை சொல்லமாட்டான், எழுந்து போய்விடுவான்.

நெருக்கம் என்பது எத்தனை வலிமையானது என்பதற்கு நம்மிடமே ஒரு சான்றுண்டு. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2010 மார்ச்சில், நான் மேலே சொன்ன அதே மார்ட்டின்ஸ்வில்லில், நாஸ்காரின் டிரக் தொடரில் ஓட்டி 13ஆவதாக வந்தார். அவ்வாண்டு இரசிகர் வாக்கெடுப்பில் அத்தொடரின் மிகவும் விரும்பப்படும் ஓட்டுநர் விருது அவருக்கே கிடைத்தது. கொங்கு நாட்டில் மார்ட்டின்ஸ்வில் எங்கிருக்கிறது என்று அறிந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ‘நம்ம ஊர்ப் பையன்’ என்ற ஒரு சொல் போதுமானதாயிருந்தது.

அமெரிக்க இரசிகர்களின் ஏக்கம் எனக்கு ஏன் இவ்வளவு புரிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஏப்ரலில் நம் நாட்டில் பி.எஸ்.-6 விதிகள் வந்தபின், புதிய லாரிகளில் உணர்விகளும் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் பெருகிவிட்டன. கோளாறு என்றால் ஸ்கேனர் என்னும் கருவியைப் பொருத்திக் குறியீட்டைப் படிக்க வேண்டும். அப்பாவிடம் வந்துகொண்டிருந்த பல வண்டிகள் இப்போது கம்பெனி சர்வீசுக்குப் போகின்றன. ஒருநாள் அவரிடம் இதைப்பற்றிக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

“பொகை கொறைஞ்சிருக்குதல்ல, நல்லதுதான் சாமி. ஆனா வண்டி நம்ம கைக்கு எட்டறதில்லயே” என்றார்.

நாஸ்கார் இரசிகர்கள் பக்கம் பக்கமாகச் சொன்னதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கடந்த விடுமுறையில் அப்பாவும் நானும் சேர்ந்து பழைய ஸ்கேனர் ஒன்றைத் தவணையில் வாங்கினோம். வண்டி வந்ததும் முதலில் அப்பா சத்தத்தைக் கேட்டு இன்ன கோளாறு என்று சொல்வார். அதை ஒரு நோட்டின் இடப்பக்கம் எழுதுவேன். பிறகு ஸ்கேனர் சொல்வதை வலப்பக்கம் எழுதுவேன். பல வண்டிகளில் இரண்டும் ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாத வண்டிகளில்தான் நாங்கள் இருவரும் புதிதாக ஒன்றைக் கற்கிறோம். இப்போது அந்தக் குறியீடுகளில் பலவற்றை அப்பாவே வாசிக்கிறார்.

பந்தயத்தை நடத்துகிற பெரியவர்களுக்கும் இப்படியொரு நோட்டுப் புத்தகம் வேண்டும் என்பேன். அதன் ஒரு பக்கத்தில் பொறியாளரின் கணக்கும் வணிகரின் கணக்கும் இருக்கட்டும். எதிர்ப்பக்கத்தில், மேடையில் அமர்ந்து நாற்பது ஆண்டுகளாக அந்தச் சத்தத்தைக் கேட்டுவரும் எளிய மனிதன் சொல்வது இருக்கட்டும். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் நின்று யோசிக்கட்டும். அறிவியல் காரைக் காக்கும், ஓட்டுகிறவனையும் காக்கும். கூட்டத்தைக் காக்க வேண்டுமானால், கார் மறுபடியும் அவர்கள் கைக்கு எட்ட வேண்டும்.